கூடைப்பந்து ஆடும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு: ஆட்டக் கணக்கு எழுதவும் வாசிக்கவும் 18 குறிப்புகள்

மேட்ச் முடிந்து வரும் பிள்ளையிடம் நம் வீடுகளில் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை பாயிண்ட் போட்டே?" என்பதுதான். பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்தும் விடுகிறது. எட்டு ரீபவுண்ட் எடுத்த பிள்ளைக்கும், எதிரணியின் முக்கிய ஆட்டக்காரரை நகரவிடாமல் மறித்த பிள்ளைக்கும் அந்தக் கேள்விக்குச் சொல்லப் பதில் இல்லை. புதுக்கோட்டையில் குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, முதலமைச்சர் கோப்பை என்று ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் உழைப்பு இப்படிப் பாதி கணக்கில் வராமலே போகிறது. ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தால் இதை வீட்டிலேயே சரி செய்யலாம்.

1. பழகுவதற்கு இத்தாலியத் தொழில்முறை லீக்கின் ஆட்டக் கணக்குத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மிலானோ, போலோனியா, வெனிஸ் நகர அணிகள் ஆடும் லீக் அது. அமெரிக்க என்.பி.ஏ.வை விட்டு இத்தாலிக்குப் போகக் காரணம் விதிகள். என்.பி.ஏ.வில் ஆட்டம் 48 நிமிடம், ஒருவருக்கு ஆறு ஃபவுல், மூன்று பாயிண்ட் கோடு 7.24 மீட்டர். இத்தாலியில் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி 10 நிமிடத்தில் நான்கு குவார்ட்டர், ஐந்து ஃபவுல், மூன்று பாயிண்ட் கோடு 6.75 மீட்டர். நம் பிள்ளைகள் ஆடுவதும் ஃபிபா விதியில்தான். ஆகவே அந்தத் தாளில் இருக்கும் எண்ணை நம் ஊர் எண்ணோடு அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

2. கட்டம் போட்ட கணக்கு நோட்டை வாங்குங்கள். அதைக் கிடைமட்டமாகத் திருப்பி, இடது ஓரத்தில் ஜெர்சி எண்களை எழுதுங்கள். மேலே தலைப்புகள் இந்த வரிசையில் இருக்கட்டும்: நிமிடம், 2 பாயிண்ட், 3 பாயிண்ட், ஃப்ரீ த்ரோ, எதிர்ப்பக்க ரீபவுண்ட், நம் பக்க ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் செய்தது, பிளாக் ஆனது, டர்ன்ஓவர், செய்த ஃபவுல், வாங்கிய ஃபவுல். ஒரு மேட்சுக்கு ஒரு பக்கம். அடியில் வைத்து எழுதப் பரீட்சை அட்டை போதும். வெட்டவெளி மைதானத்தில் வியர்வைக் கை பட்டால் பேனா மை பரவிவிடும், அதனால் கட்டங்களை நிரப்பப் பென்சிலே நல்லது.

3. முதல் மேட்சிலேயே பன்னிரண்டு பேரின் கணக்கையும் எழுத முயலாதீர்கள். உங்கள் பிள்ளையின் வரிசையும் இரு அணிகளின் ஸ்கோரும் போதும். கை பழகிய பிறகு இரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் கண்ணை ஆட்டத்திலிருந்து எடுக்காமல் "எட்டாம் நம்பர், ரெண்டு பாயிண்ட், மிஸ்... ரீபவுண்ட் பதினொண்ணு" என்று சொல்லிக்கொண்டே வர, மற்றவர் எழுதவேண்டும். பார்க்கிறவரே எழுதவும் குனிந்தால் அடுத்த ஆட்டம் கண்ணில் படாமல் போகும்.

4. நடுவர் மேசையில் பின்பற்றும் முறையில் இரண்டு பழக்கங்களை வீட்டுக்கும் எடுத்துக்கொள்ளலாம். முதல், மூன்றாம் குவார்ட்டருக்குச் சிவப்பு, இரண்டாம், நான்காம் குவார்ட்டருக்கு நீலம் அல்லது கறுப்பு. ஸ்கோர் ஏறும் வரிசையில் சாதாரண கூடைக்குச் சாய்கோடு, ஃப்ரீ த்ரோவுக்கு நிரப்பிய புள்ளி, மூன்று பாயிண்டுக்கு ஆட்டக்காரர் எண்ணைச் சுற்றி வட்டம். எந்தக் குவார்ட்டரில் அணி தளர்ந்தது என்பது நிறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஸ்கோர் வரிசைக்கு மட்டும் கலர் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. போட்டதை மட்டும் எழுதாதீர்கள், முயன்றதையும் சேர்த்து எழுதுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். 7/13 என்றால் பதின்மூன்று முறை எறிந்ததில் ஏழு விழுந்தது என்று பொருள்.

இதற்கு என்.பி.ஏ. ஆட்டக்காரர் கோபி பிரையன்டின் புகழ்பெற்ற ஆட்டத்தைவிட நல்ல பாடம் இல்லை. அவர் சிறுவயதில் ஆறிலிருந்து பதின்மூன்று வயதுவரை இத்தாலியில் வளர்ந்தவர். அப்பா ஜோ பிரையன்ட் ரியேத்தி, ரெஜ்ஜோ கலாப்ரியா, பிஸ்தோயா, ரெஜ்ஜோ எமிலியா அணிகளுக்கு ஆடிக்கொண்டிருந்தார். பின்னாளில், 2006 ஜனவரி 22 அன்று, டொரோன்டோ அணிக்கு எதிராகக் கோபி தனியொருவராக 81 பாயிண்ட் எடுத்தார். அன்றைய அவரது வரிசை: கூடைகள் 28/46, அதில் மூன்று பாயிண்ட் 7/13, ஃப்ரீ த்ரோ 18/20. பிள்ளையை உட்காரவைத்து இந்த மூன்று எண்களிலிருந்து 81 வருகிறதா என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். இரண்டு பாயிண்ட் கூடை 21, அதாவது 42. மூன்று பாயிண்ட் ஏழு, அதாவது 21. ஃப்ரீ த்ரோ 18. மொத்தம் 81. நாற்பத்தாறு முறை எறிந்து பதினெட்டை மட்டுமே தவறவிட்டார் என்பது 81 என்ற எண்ணில் தெரியாது, இந்த வரிசையில்தான் தெரியும்.

6. அமெரிக்கத் தாளையும் இத்தாலியத் தாளையும் மாற்றி மாற்றிப் படிக்கும்போது ஒன்றில் கவனம் தேவை. அமெரிக்கத் தாளில் "கூடைகள்" என்ற கட்டத்துக்குள்ளேயே மூன்று பாயிண்டும் அடங்கியிருக்கும். இத்தாலியத் தாளில் இரண்டும் மூன்றும் தனித்தனிக் கட்டம். கோபியின் அதே வரிசை இத்தாலிய முறையில் 2 பாயிண்ட் 21/33, 3 பாயிண்ட் 7/13, ஃப்ரீ த்ரோ 18/20 என்று வரும். இது தெரியாமல் கூட்டினால் மூன்று பாயிண்ட் கூடைகள் இருமுறை கணக்கில் ஏறும். வீட்டு நோட்டுக்கு இத்தாலிய முறைதான் என் சிபாரிசு. பிள்ளை எங்கிருந்து குறி தவறுகிறது என்பது பார்த்த உடனே தெரியும்.

7. எது முயற்சி, எது முயற்சியில்லை என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். எறியும்போது ஃபவுல் செய்யப்பட்டு பந்து விழாவிட்டால் அது முயற்சியாகாது, ஃப்ரீ த்ரோ மட்டுமே எழுதவேண்டும். ஃபவுலோடு பந்தும் விழுந்தால் கூடை, முயற்சி இரண்டும் உண்டு, கூடவே ஒரு ஃப்ரீ த்ரோ. எறிந்த பந்தை எதிரணி பிளாக் செய்தால் எறிந்தவருக்கு அது தவறிய முயற்சிதான். தடுத்தவர் கணக்கில் பிளாக் ஏறும்.

8. ரீபவுண்டை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். எதிரணி தவறவிட்ட பந்தை நம் ரிங்கின் கீழே எடுப்பது நம் கடமை. நம் அணி தவறவிட்டதை அவர்கள் ரிங்கின் கீழே பாய்ந்து எடுப்பது அணிக்கு இன்னொரு வாய்ப்பு வாங்கித் தருவது. இரண்டையும் ஒரே எண்ணாக எழுதினால் இரண்டாவதற்கான உழைப்பு மறைந்துவிடும்.

9. கூடைக்கு நேராக வழி செய்த கடைசிப் பாஸ்தான் அசிஸ்ட். பாஸ் வாங்கியவர் நின்று, இரண்டு மூன்று பேரைத் தாண்டி, தன் திறமையால் போட்டால் அது அசிஸ்ட் இல்லை. சொந்தப் பிள்ளைக்குக் கணக்கு எழுதும்போது இங்கேதான் கை தாராளமாகிறது. கறாராக இருங்கள். பிள்ளைக்குத் தெரியும், எது உண்மையான அசிஸ்ட் என்று.

10. டர்ன்ஓவரை எழுதும்போது பக்கத்தில் ஒரு எழுத்தில் காரணத்தையும் குறியுங்கள். பாஸ் தவறினால் "பா", பந்தைத் தட்டாமல் நடந்துவிட்டால் "ந", பந்தைப் பறிகொடுத்தால் "ப". நான்கைந்து மேட்ச் ஆனதும் எந்த எழுத்து அதிகம் என்று பாருங்கள். அடுத்த வாரப் பயிற்சிக்கு என்ன தேவை என்பதை அதுவே சொல்லும்.

11. இத்தாலியத் தாளின் கடைசிக் கட்டத்தில் ஒரு மதிப்பெண் இருக்கும். ஐரோப்பியக் கோப்பைப் போட்டிகளிலும் இதே மாதிரியான முறைதான். வீட்டில் போட எளிது. பாயிண்ட், ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக், வாங்கிய ஃபவுல் எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதிலிருந்து தவறிய கூடைகள், தவறிய ஃப்ரீ த்ரோ, டர்ன்ஓவர், பிளாக் செய்யப்பட்ட எறிதல்கள், செய்த ஃபவுல் ஆகியவற்றைக் கழியுங்கள்.

உதாரணத்துக்கு இரண்டு பிள்ளைகளை வைத்துப் பார்ப்போம். முதல் பிள்ளை 18 பாயிண்ட்: 2 பாயிண்ட் 6/15, 3 பாயிண்ட் 1/6, ஃப்ரீ த்ரோ 3/4. ரீபவுண்ட் 2, அசிஸ்ட் 1, வாங்கிய ஃபவுல் 3. கூட்டினால் 24. தவறிய கூடை 14, தவறிய ஃப்ரீ த்ரோ 1, டர்ன்ஓவர் 5, பிளாக் ஆனது 1, செய்த ஃபவுல் 4. கழிக்கவேண்டியது 25. மதிப்பெண் மைனஸ் 1.

இரண்டாவது பிள்ளை 8 பாயிண்ட்தான்: 2 பாயிண்ட் 3/5, ஃப்ரீ த்ரோ 2/2. ஆனால் ரீபவுண்ட் 9, அசிஸ்ட் 4, ஸ்டீல் 2, பிளாக் 1, வாங்கிய ஃபவுல் 4. கூட்டினால் 28. தவறிய கூடை 2, டர்ன்ஓவர் 1, செய்த ஃபவுல் 2. கழிக்கவேண்டியது 5. மதிப்பெண் 23.

வீட்டுக்கு வந்து "பதினெட்டு" என்று சொல்லும் பிள்ளைக்கு முதுகில் தட்டு கிடைக்கும். "எட்டு" என்று சொல்கிற பிள்ளை பேசாமல் குளிக்கப் போய்விடும். அன்று அணியைத் தாங்கியது இரண்டாவது பிள்ளைதான். இந்த மதிப்பெண்ணுக்கும் குறை உண்டு. எதிராளி எறியவே முடியாதபடி மறித்து நிற்பதற்கு இதில் கட்டமே இல்லை. அதனால் நோட்டின் ஓரத்தில் "இன்று யாரை மறித்தாள், அவர் எத்தனை எடுத்தார்" என்று ஒரு வரி எழுதிவையுங்கள்.

12. எழுதி முடித்ததும் மூன்று சரிபார்ப்பு. எல்லா ஆட்டக்காரர்களின் பாயிண்டையும் கூட்டினால் அணியின் ஸ்கோர் வரவேண்டும். எல்லோருடைய நிமிடங்களையும் கூட்டினால், கூடுதல் நேரம் ஆடாத 40 நிமிட ஆட்டத்தில், 200 வரவேண்டும், எப்போதும் ஐந்து பேர் களத்தில் இருப்பதால். யாருக்கும் ஐந்துக்கு மேல் ஃபவுல் இருக்கக்கூடாது. அணியின் ஃபவுலைக் குவார்ட்டர்வாரியாகத் தனியே எண்ணுங்கள். ஐந்தாவதிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ போகும்.

13. அணி ஏன் தோற்றது என்று பார்க்க, முதலில் பந்து எத்தனை முறை கைக்கு வந்தது என்று கணக்கிடுங்கள். மொத்த முயற்சியிலிருந்து எதிர்ப்பக்க ரீபவுண்டைக் கழித்து, டர்ன்ஓவரைக் கூட்டி, ஃப்ரீ த்ரோ முயற்சியை 0.44-ஆல் பெருக்கிச் சேர்த்தால் ஏறக்குறைய சரியாக வரும். ஒரு அணிக்கு முயற்சி 60, எதிர்ப்பக்க ரீபவுண்ட் 10, டர்ன்ஓவர் 14, ஃப்ரீ த்ரோ 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைப்பது 72.8. எதிரணிக்கு 52, 6, 19, 18 என்றால் 72.9. இரண்டும் ஒட்டி வருவது இயல்பு, ஒருவர் ஆடி முடித்ததும் பந்து மற்றவருக்குத்தானே போகிறது. முதல் அணி 66-73 என்று தோற்றிருந்தால், பந்தை விட்டதால் தோற்கவில்லை. எதிர்ப்பக்க ரீபவுண்டும் முதல் அணிக்குத்தான் அதிகம். எறிந்தது விழவில்லை, அவ்வளவுதான். பயிற்சியில் ஓட்டத்தைக் கூட்டுவதற்குப் பதில் குறியைச் சரி செய்யவேண்டும்.

அமெரிக்கப் புள்ளியியலாளர் டீன் ஆலிவர் வெற்றியைத் தீர்மானிப்பவை என்று நான்கைச் சொன்னார்: குறி, டர்ன்ஓவர், ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ. முக்கியத்துவமும் இதே வரிசையில்தான்.

14. பெஞ்சில் அதிகம் உட்காரும் பிள்ளையின் வீட்டாருக்கு: எண்களை நிமிடத்தோடு சேர்த்துப் பாருங்கள். 8 நிமிடத்தில் 3 ரீபவுண்ட் என்பது 32 நிமிடத்தில் 8 எடுப்பதைவிட வேகமான உழைப்பு. ஆனால் 8 நிமிடத்தை நாற்பதுக்குப் பெருக்கி "முழு ஆட்டமும் விட்டிருந்தால் பதினைந்து எடுத்திருப்பான்" என்று கோச்சிடம் வாதாடப் போகவேண்டாம். சில நிமிடங்களை வைத்து அவ்வளவு தூரம் சொல்ல முடியாது. பெஞ்சில் இருக்கும்போது நோட்டை அந்தப் பிள்ளையிடமே கொடுக்கக் கோச் சம்மதித்தால் இன்னும் நல்லது. கணக்கு எழுதும் பிள்ளை ஆட்டத்தை வேறு கண்ணால் பார்க்கப் பழகும்.

15. இத்தாலிய ஆட்டத்தை நேரலையில் பார்க்கவேண்டும் என்று பிள்ளை அடம்பிடிக்கும். குளிர்காலத்தில் அவர்கள் நேரம் நமக்கு நாலரை மணி பின்னால், கோடையில் மூன்றரை. அங்கே இரவு எட்டு மணி ஆட்டம் என்றால் இங்கே குளிர்காலத்தில் நள்ளிரவு பன்னிரண்டரை. விடியற்காலை மைதானத்துக்குப் போகிற பிள்ளைக்குத் தூக்கம்தான் முதல் பயிற்சி. ஆட்டக் கணக்கைக் காலையில் காபி நேரத்தில் பத்து நிமிடம் படித்தால் போதும்.

16. வீட்டருகே ரிங் மாட்டினால் அளவு சரியாக இருக்கட்டும். தரையிலிருந்து ரிங்கின் விளிம்பு 3.05 மீட்டர், அதாவது பத்தடி. போர்டின் முகத்துக்கு நேர் கீழேயிருந்து ஃப்ரீ த்ரோ கோடு 4.6 மீட்டர், ஏறக்குறைய பதினைந்தடி. மூன்று பாயிண்ட் கோட்டுக்கு ரிங் நடுவுக்கு நேர் கீழே ஆணி அடித்து 6.75 மீட்டர் கயிறு பிடித்து வளையுங்கள். பன்னிரண்டு வயதுக்குள் என்றால் 5-ஆம் அளவுப் பந்து, பெண்களுக்கு 6, ஆண்களுக்கு 7. களைத்த பிறகு பத்து ஃப்ரீ த்ரோ எறிந்து 6/10, 7/10 என்று தேதியோடு எழுதிவைப்பது மேட்ச் நோட்டுக்கு நல்ல துணை. மேட்சில் ஃப்ரீ த்ரோ வருவதும் களைத்த நேரத்தில்தான்.

17. மேட்ச் நடந்த இரவே நோட்டை விரித்து வைத்துப் பேசாதீர்கள். சோறும் நீர்மோரும் கொடுங்கள், தூங்கவிடுங்கள், மறுநாள் பேசலாம். கூட ஆடும் பிள்ளைகளின் எண்களை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. மற்ற வீட்டுப் பிள்ளையின் 1/9 நமக்கு ஒரு எண், அந்த வீட்டில் அது அழுகை. இன்னொன்று: இந்த நோட்டு எந்த விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும் சான்று ஆகாது. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குக் கேட்பது உரிய படிவத்தில் உள்ள சான்றிதழை. மாநிலப் போட்டி முடிந்ததும் சான்றிதழைக் கையோடு வாங்கி, நகலெடுத்து, அசலைத் தனி உறையில் வையுங்கள்.

18. வீட்டில் கணக்கு எழுத அப்பாதான் வரவேண்டும் என்பதில்லை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் வந்தபோது புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். கல் குவாரியில் உழைத்த பெண்களும் பூப்பறித்த பெண்களும் நோட்டைக் கையில் எடுத்த ஊர் இது. அவர்களின் பேத்திகள் இன்று பந்து தட்டுகிறார்கள். அம்மாவோ அப்பத்தாவோ பெஞ்சில் உட்கார்ந்து பாயிண்டுக்குக் கோடு போட்டால், அந்தப் பெண் பிள்ளை ஆடுவது வீட்டுக்கு முக்கியம் என்று அவளுக்குத் தெரியும்.

பத்தாம் வகுப்பு வந்ததும் மகனுக்கு ஒரு நியாயம், மகளுக்கு ஒரு நியாயம் என்று பந்தைப் பரணில் போடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கினார், 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவரும் ஒரு காலத்தில் பள்ளி மைதானத்தில் ஆடிய தமிழ்ப் பெண்தான். தேர்வுக் காலத்தில் பயிற்சி நேரத்தைக் குறையுங்கள், அது நியாயம். மகளின் நோட்டை மட்டும் மூடிவிடாதீர்கள்.